இது இயற்கை கொடுத்த சாவு அல்ல

பிரேசிலில் குரங்குகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போடுவதைக் கண்டித்து வந்திருக்கும் கட்டுரையை நிதானமாகப் படித்தேன். கூண்டில் இருக்கும் குரங்குகளிடம் தடுப்பூசியைச் சோதித்தது கொடுமை என்று அது தொடங்குகிறது. காட்டு உயிருக்கு ஊசி போடுவது இயற்கையின் போக்கில் கைவைப்பது என்று தொடர்கிறது. குரங்குகள் செத்து விழுவதுதான் மனிதர்களுக்குக் கிடைக்கும் முன்னெச்சரிக்கை, அதைக் கெடுத்துவிடாதீர்கள் என்று அச்சமூட்டுகிறது. காட்டைப் பெருக்கினால் போதும், மிச்சத்தைக் காடே பார்த்துக்கொள்ளும் என்று முடிகிறது.

படிக்க உருக்கமாக இருக்கிறது. விலங்குகள் மேல் பிரியம் உள்ளவர்கள் இதற்குத் தலையாட்டிவிடுவார்கள் என்பதுதான் என் கவலை. இந்தக் கட்டுரை கேட்பதையெல்லாம் அப்படியே செய்தால், ஐம்பது ஆண்டு உழைப்பில் மீட்டெடுத்த ஓர் இனம் அடுத்த கொள்ளைநோயில் பழைய பள்ளத்துக்கே போய்விடும். கட்டுரையாளருக்கு இது தெரியாது என்றால் விஷயத்தைப் படிக்காமல் எழுதியிருக்கிறார். தெரிந்தே எழுதியிருந்தால், அவருடைய பிரியத்தை நான் நம்ப மாட்டேன்.

நடந்தது என்ன என்பதை முதலில் சொல்ல வேண்டும். கண்டனக் கட்டுரையில் அது இல்லவே இல்லை.

ரியோ டி ஜெனிரோ நகரத்திலிருந்து எண்பது கிலோமீட்டர் தொலைவில், அட்லாண்டிக் காடு என்று அழைக்கப்படும் மழைக்காட்டின் துண்டு துண்டான மிச்சங்களில் வாழ்கிறது தங்கச் சிங்க டாமரின். அணிலைவிடச் சற்றே பெரிய உடம்பு, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை, முகத்தைச் சுற்றி நெருப்பு நிறப் பிடரி. பிரேசிலின் இருபது ரியால் நோட்டில் இருப்பது இதன் படம்தான். உலகில் வேறெங்கும் காட்டில் இது கிடையாது. 1970களில் காட்டில் மிஞ்சியிருந்தவை சில நூறு மட்டுமே. அடெல்மார் கொயிம்ப்ரா ஃபில்யோ என்ற பிரேசில் அறிவியலாளர் விடாமல் குரல் கொடுத்ததால் 1974-இல் போசோ தாஸ் அன்டாஸ் காப்பகம் உருவானது. வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சியகத்தின் டெவ்ரா கிளைமன் கூண்டுகளில் இதை இனப்பெருக்கம் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். 1984 முதல் 2000 வரை பல நாட்டுக் காட்சியகங்களில் பிறந்த டாமரின்களைக் கொண்டுவந்து காட்டில் விட்டார்கள். 2014-இல் எண்ணியபோது சுமார் 3,700 இருந்தன. உலகமே கொண்டாடிய மீட்சி அது.

2016 நவம்பரில் தென்கிழக்கு பிரேசிலில் மஞ்சள் காய்ச்சல் வெடித்தது. எண்பது ஆண்டுகளில் அந்த நாடு கண்டிராத வேகம். இரண்டு பருவங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் உறுதியானது, எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குரங்குகளின் சாவுக்கு முழுக் கணக்கே இல்லை. மரத்தில் இருந்தபடி அடித்தொண்டையில் கர்ஜிக்கும் ஊளைக் குரங்குகள் கூட்டம் கூட்டமாக விழுந்தன. காலையில் எழுந்தால் ஊளைச் சத்தம் கேட்கும் காடுகள் சில வாரங்களில் சத்தமற்றுப் போயின. 2018 மே மாதத்தில், மஞ்சள் காய்ச்சலால் ஒரு டாமரின் இறந்தது முதன்முறையாக உறுதி செய்யப்பட்டது. மறுபடி எண்ணிப் பார்த்தபோது 2,516தான் இருந்தன. மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது.

இந்தப் பின்னணியில்தான் தடுப்பூசிப் பேச்சு வந்தது. ஏதோ ஆய்வகத்தில் பொழுது போகாதவர்கள் குரங்கைப் பிடித்து ஊசி போட்டதுபோல் எழுதியிருப்பது அநியாயம்.

இப்போது 'இயற்கையின் போக்கு' என்ற வாதத்துக்கு வருகிறேன். கட்டுரையின் முதுகெலும்பே இதுதான், உடைவதும் முதலில் இங்கேதான். அமெரிக்கக் கண்டங்களின் குரங்குகளுக்கு மஞ்சள் காய்ச்சல் இயற்கையான நோய் அல்ல. அந்த வைரஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அங்குள்ள குரங்குகள் அதனோடு காலங்காலமாக வாழ்ந்து பழகியவை, பெரும்பாலும் லேசான தொற்றோடு தப்பித்துவிடும். அந்த வைரஸையும், அதைச் சுமக்கும் ஏடிஸ் எஜிப்டி கொசுவையும், அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டிக் கொண்டுவந்தவை அடிமை வணிகக் கப்பல்கள். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் கரீபியன் தீவுகளிலும் மெக்சிகோவின் யுகடானிலும் கொள்ளைநோயாக வெடித்தது, 1685-இல் பிரேசிலின் ரெசிஃபே நகரத்துக்கு வந்தது. பிறகு துறைமுக ஊர்களிலிருந்து காட்டுக்குள் நுழைந்து, மரப்பொந்துகளில் தேங்கும் நீரில் பெருகி உச்சிக் கிளைகளில் பகலில் கடிக்கும் ஹேமகோகஸ், சபெத்தெஸ் கொசுக்களில் தங்கிவிட்டது. அங்கே இருந்த ஊளைக் குரங்குக்கும் டாமரினுக்கும் இந்த வைரஸை எதிர்க்கும் உடல் பழக்கம் எதுவும் இல்லை. இன்றும் இல்லை.

மனிதன் மனிதனை விலைக்கு விற்கக் கொண்டுபோன கப்பலில் ஏறி வந்த நோய் இது. அதனால் குரங்குகள் சாவதைப் பார்த்து, இயற்கை தன் வேலையைச் செய்கிறது, ஒதுங்கி நில்லுங்கள் என்று சொல்ல ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது? தலையீடு ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. அதன் விளைவைச் சரிசெய்ய நீளும் கையை மட்டும் தட்டிவிடச் சொல்கிறார் கட்டுரையாளர்.

வலுவானவை பிழைக்கும், எதிர்ப்புச் சக்தி பெற்ற சந்ததி உருவாகும் என்றும் எழுதியிருக்கிறார். கோடிக்கணக்கில் இருக்கும் எலிக்கும் பூச்சிக்கும் இது பொருந்தலாம். நெடுஞ்சாலைகளும் மாட்டுப் பண்ணைகளும் அறுத்துப்போட்ட காட்டுத் துண்டுகளில், ஒன்றோடொன்று கலக்க முடியாத சிறு கூட்டங்களாக அன்று எஞ்சியிருந்த இரண்டாயிரத்து ஐந்நூறு உயிர்களுக்கு எப்படிப் பொருந்தும்? பத்துக் குரங்கு இருக்கும் துண்டில் ஏழு செத்தால் எஞ்சிய மூன்றும் வலுவானவை என்று அர்த்தமில்லை. கொசு கடிக்காததால் தப்பியவையாக இருக்கலாம். அடுத்த முறை கொசு கடிக்கும். அர்ஜென்டினாவின் மிசியோனெஸ் மாகாணத்தில் பழுப்பு ஊளைக் குரங்குக்கு 2008-09-இல் இதுதான் நடந்தது. முன்பே குறைவாக இருந்த கூட்டங்கள் மஞ்சள் காய்ச்சலில் ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டன. எதிர்ப்புச் சக்தி பெற்ற புதுச் சந்ததி எதுவும் அங்கே எழுந்து வந்து காட்டை நிரப்பவில்லை.

காட்டைப் பெருக்கினால் போதும் என்ற வாதத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். அது கேட்பதற்கு மிகவும் நியாயமாகத் தோன்றுகிறது. கட்டுரையாளர் தன் முழு நம்பிக்கையையும் அதன் மேல்தான் வைத்திருக்கிறார்.

டாமரின்களின் சாவைக் கணக்கெடுத்த ஜேம்ஸ் டியட்ஸ், கார்லோஸ் ருயிஸ் மிராண்டா உள்ளிட்ட குழுவினர் 2019-இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். எந்தக் காட்டுத் துண்டுகளில் இழப்பு அதிகம் என்று பார்த்தபோது அவர்களுக்குக் கிடைத்த விடை நெஞ்சைப் பிசைவது. பெரிய துண்டுகளில் அதிகம். ஓரங்கள் குறைவாக, உட்பகுதி அடர்த்தியாக இருந்த துண்டுகளில் அதிகம். அக்கம்பக்கக் காடுகளோடு நன்றாக இணைக்கப்பட்டிருந்த துண்டுகளில் அதிகம். அதாவது பாதுகாவலர்கள் பல பத்தாண்டுகளாக மரம் நட்டு, நிலம் வாங்கி, விவசாயிகளிடம் பேசி இணைத்த நல்ல காடுகளில்தான் சாவு கூடுதலாக விழுந்தது. காரணம் புரியாதது அல்ல. நல்ல காடு குரங்குக்கு மட்டும் நல்லதல்ல, ஹேமகோகஸ் கொசுவுக்கும் நல்லது. குரங்கு கடந்து போகும் பாதையில் கொசுவும் வைரஸும் கடந்து போகும்.

இதைச் சொல்வதால் காடு வேண்டாம் என்று நான் சொல்வதாகத் திரிக்க வேண்டாம். காடு இல்லாமல் டாமரின் இல்லை. பிஆர்-101 நெடுஞ்சாலைக்கு மேலே மரங்கள் நட்டுக் கட்டப்பட்டிருக்கும் பாலத்தைக் கட்டுரையாளர் புகழ்ந்திருக்கிறார். நானும் புகழ்கிறேன். அந்தச் சாலை இரண்டாகப் பிளந்துபோட்ட கூட்டங்கள் மறுபடி கலக்க அது அவசியம். ஆனால் அந்தப் பாலத்தைக் கட்டியவர்களும் தடுப்பூசி போடுகிறவர்களும் இரு வேறு அணிகள் என்பதுபோல் அவர் எழுதியிருக்கிறார். அது உண்மை அல்ல. பாலத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடிய டாமரின் பாதுகாப்புச் சங்கம்தான் தடுப்பூசிப் பணியிலும் முன்னால் நிற்கிறது. காடுகளை இணைக்க இணைக்க வைரஸுக்கும் வழி திறக்கிறது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். காடு வளர்ப்பதைத் தொடர வேண்டுமென்றால் அதற்குள் இருக்கும் உயிர்களை நோயிலிருந்து காக்க வேண்டும் என்ற முடிவுக்கு அந்த அனுபவத்தால்தான் வந்தார்கள். வாழ்நாளையே காட்டுக்குக் கொடுத்தவர்களுக்குக் காட்டின் அருமையைப் பாடம் எடுக்கிறார் கட்டுரையாளர். இதைவிட அவமதிப்பு வேறில்லை.

அடுத்தது கூண்டு. கட்டுரையின் மிக உணர்ச்சிகரமான பக்கங்கள் இதைப் பற்றியவை. இங்கே அவர் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது, அதை நான் மறைக்கப்போவதில்லை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியின் வரலாறு குரங்குகளின் பிணங்கள் மேல் எழுந்தது. 1927-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் மேற்கு ஆப்பிரிக்கக் குழு, இன்றைய கானாவில் அசிபி என்ற நோயாளியின் ரத்தத்தை எடுத்து, இந்தியாவைச் சேர்ந்த ரீசஸ் குரங்கு ஒன்றுக்குச் செலுத்தியது. அந்தக் குரங்கு இறந்தது. மஞ்சள் காய்ச்சலை ஒரு விலங்கில் உண்டாக்க முடியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதன் பிறகு எத்தனையோ ரீசஸ் குரங்குகள் அந்த ஆய்வகங்களில் செத்தன. ஆய்வாளர்களும் தப்பவில்லை. அட்ரியன் ஸ்டோக்ஸ் அதே ஆண்டு செப்டம்பரிலும், ஹிடேயோ நொகுச்சி மறு ஆண்டு மே மாதத்திலும் அதே நோயில் இறந்தார்கள். அசிபியின் ரத்தத்திலிருந்த அந்த வைரஸைப் பலமுறை வளர்த்துத் தணித்துத்தான் மாக்ஸ் தெய்லர் 1937-இல் 17டி என்ற தடுப்பூசியை உருவாக்கினார். 1951-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிரேசிலின் ஃபியோக்ரூஸ் நிறுவனம் இன்று தயாரிக்கும் 17டிடி அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான். இன்றும்கூட தடுப்பூசிக்கு மூலமாகும் புதிய விதை வைரஸ் நரம்பு மண்டலத்தைத் தாக்காது என்று உறுதிசெய்யக் குரங்குகளைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அந்தக் கணக்கை யாராவது கேள்வி கேட்டால் நானும் கூட நின்று கேட்பேன். அங்கே நோயை வேண்டுமென்றே ஏற்றினார்கள், மனிதனுக்காக, குரங்குக்கு எந்தப் பயனும் இல்லாமல். ரியோ மாநிலத்தின் குவாப்பிமிரிமில் உள்ள பிரைமேட் மையத்தில் நடந்தது என்ன? காட்டை ஒட்டிய அந்த மையத்தில் சிங்க டாமரின்களுக்கும் ஊளைக் குரங்குகளுக்கும் தடுப்பூசியைக் கொடுத்தார்கள். மனிதனுக்கான மருந்தளவு அரைக் கிலோ உயிருக்கு எவ்வளவாக இருக்க வேண்டும் என்று கண்டறிய நீர்க்கச் செய்து கொடுத்துப் பார்த்தார்கள். உடல்நிலையைக் கண்காணித்தார்கள். ரத்தத்தில் ஆன்டிபாடி உருவாகிறதா என்று சோதித்தார்கள். உயிருள்ள காட்டு வைரஸை எந்தக் குரங்குக்கும் ஏற்றவில்லை. ஊசி போட்ட குரங்குக்கு அந்த ஊசியால் பாதுகாப்பு கிடைத்தது. 1927-இல் நடந்ததையும் இதையும் ஒரே பத்தியில் சேர்த்து எழுதி, இரண்டுக்கும் ஒரே சொல்லால் 'சித்திரவதை' என்று பட்டம் கட்டியிருக்கிறார். இதைக் கவனக்குறைவு என்று என்னால் விட முடியவில்லை. வாசகரின் இரக்கத்தைத் தவறான திசையில் திருப்பும் வேலை இது.

அதைவிட மோசமான ஒன்றும் அதே கட்டுரையில் இருக்கிறது. ஒரு பக்கத்தில், கூண்டுக் குரங்குகளிடம் தடுப்பூசியைச் சோதித்திருக்கவே கூடாது என்கிறார். இரண்டு பக்கம் தள்ளி, அழிவின் விளிம்பில் இருக்கும் காட்டு இனத்துக்குச் சோதிக்கப்படாத மனிதத் தடுப்பூசியைப் போடுவது பொறுப்பற்ற செயல் என்கிறார். சோதித்தால் கொடுமை, சோதிக்காவிட்டால் பொறுப்பின்மை! இந்த இரண்டையும் ஒருவர் சேர்த்துச் சொன்னால் அவர் எதிர்ப்பது சோதனையையும் அல்ல, பொறுப்பின்மையையும் அல்ல. என்ன செய்தாலும் எதிர்ப்பது என்று முன்பே முடிவுசெய்துவிட்டார்.

17டி உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ். மனிதர்களில் லட்சத்தில் ஒருவருக்கும் குறைவான விகிதத்தில் அது உள்ளுறுப்புகளைத் தாக்கி உயிரையே பறித்திருக்கிறது. 2001-இல்தான் மருத்துவ உலகம் அதைத் தெளிவாக உணர்ந்தது. அப்படிப்பட்ட மருந்தை, தொற்றுக்கு எளிதில் பலியாகும் ஒரு குட்டி உயிருக்கு, இரண்டாயிரத்து ஐந்நூறே மிஞ்சியிருக்கும்போது, நேராகக் காட்டில் போய்ப் போட்டிருந்தால் அதுதான் குற்றமாகியிருக்கும். கூண்டில் இருந்தவற்றிடம், மருத்துவரின் கண் முன்னால், சிறு எண்ணிக்கையில் தொடங்கியதுதான் சரி. அதற்குப் பிறகும் அரசு அமைப்புகளின் அனுமதிக்குக் காத்திருந்து, 2021-இல் காட்டில் தொடங்கினார்கள். வாழைப்பழம் வைத்த பொறியில் குரங்கைப் பிடித்து, மயக்கி, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே அதன் குடும்பத்தோடு விட்டுவிடுகிறார்கள். 2023 வாக்கில் முந்நூறுக்கும் மேற்பட்டவற்றுக்குப் போட்டாயிற்று. மறுபடி பிடித்துச் சோதித்தவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி உருவாகியிருந்தது.

கூண்டையே தீமையின் வடிவமாகக் காட்டுகிற கட்டுரையாளர் ஒன்றை யோசித்திருக்கலாம். இன்று காட்டில் தாவும் டாமரின்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, காட்சியகத்தில் பிறந்து காட்டுக்கு அனுப்பப்பட்ட மூதாதையின் வாரிசு. கூண்டு இல்லாமல் இருந்திருந்தால் அவர் இன்று உருகுவதற்கு இந்த இனமே இருந்திருக்காதோ என்று நான் அஞ்சுகிறேன்.

தடுப்பூசி வைரஸ் கொசுவுக்குள் போய், காட்டில் பரவி, புதிய நோயாக மாறிவிடும் என்ற பயமுறுத்தலுக்கு அதிக இடம் தேவையில்லை. 17டி வைரஸ் ஏடிஸ் எஜிப்டி கொசுவின் குடலைத் தாண்டிப் பரவாது என்பது 1930களிலேயே பார்க்கப்பட்ட விஷயம், பிற்கால ஆய்வுகளும் அதை உறுதிப்படுத்தின. கோடிக்கணக்கான பிரேசில் மக்களுக்கு, கொசு நிறைந்த ஊர்களில், எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஊசி போடப்படுகிறது. அப்படிப் பரவ முடியுமென்றால் முந்நூறு குரங்குகளுக்காக அது காத்திருந்திருக்காது.

இனி, குரங்கின் சாவு மனிதருக்கு எச்சரிக்கை என்ற வாதம். நம்மூர் வாசகருக்குப் புரியட்டும் என்று கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தை உதாரணம் காட்டியிருக்கிறார். 1957-இல் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்ததும், கூடவே மனிதர்கள் நோயில் விழுந்ததும், அன்றிலிருந்து அந்த மலைப்பகுதியில் குரங்குச் சாவைச் சுகாதாரத் துறை கண்காணிப்பதும் உண்மை. பிரேசிலிலும் அப்படித்தான். ஊளைக் குரங்கு இறந்தால் தகவல் சொல்ல வேண்டும், மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள், சுற்றியுள்ள ஊர்களில் தடுப்பூசி போடுவார்கள். அந்த ஏற்பாட்டை நான் குறைத்துப் பேசவில்லை, அது எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது.

ஆனால் அதிலிருந்து, குரங்கைக் காப்பாற்றாதே என்ற முடிவுக்கு அவர் தாவுவதைத்தான் ஏற்க முடியவில்லை. முதலாவதாக, பிரேசிலில் எச்சரிக்கை மணியாக இருப்பது ஊளைக் குரங்கு. பரந்து வாழ்வதும், பெரிய உடம்போடு மரத்தடியில் விழுந்து கண்ணில் படுவதும் அதுதான். ரியோவுக்கு வடகிழக்கே சில காட்டுத் துண்டுகளில் மட்டும் இருக்கும் டாமரினை நம்பி எந்த மாநிலமும் தன் மக்களைக் காக்கவில்லை. இரண்டாவதாக, 2017-இல் மனிதர்கள் செத்தது குரங்கு எச்சரிக்காததால் அல்ல. எஸ்பிரிட்டோ சாண்டோ மாநிலமும் ரியோவின் கடலோரமும் அதுவரை தடுப்பூசி பரிந்துரைக்கப்பட்ட பகுதிக்கு வெளியே இருந்தன. அங்கே மனிதர்களுக்கு ஊசி போடவில்லை, அதனால் செத்தார்கள். குரங்குகள் எச்சரித்தன, மனிதர்கள் தயாராக இல்லை. மனிதர்களுக்கு முன்கூட்டியே ஊசி போட்டிருந்தால் குரங்கின் பிணத்துக்காகக் காத்திருக்கும் நிலையே வந்திருக்காது.

இந்த எச்சரிக்கை ஏற்பாட்டைக் குலைத்தது தடுப்பூசி அல்ல, மனிதனின் பயம். கொள்ளைநோய்க் காலத்தில் ரியோவிலும் பிற ஊர்களிலும் மக்கள் குரங்குகளைத் தடியால் அடித்தும், கல்லெறிந்தும், விஷம் வைத்தும் கொன்றார்கள். 2018-இன் தொடக்கத்தில் ரியோ மாநிலத்தில் கண்டெடுக்கப்பட்ட குரங்குப் பிணங்களில் பாதிக்கும் மேலானவற்றில் மனிதன் தாக்கிய அடையாளம் இருந்தது. குரங்கு நோயைக் கொடுப்பதில்லை, கொசுதான் கொடுக்கிறது, குரங்கும் உங்களைப் போல் பலியாகிறது என்று அரசு பிரச்சாரம் செய்ய வேண்டி வந்தது. குரங்கின் சாவை நமக்கான சேவையாகவே பார்க்கும் எழுத்து அந்தப் பிரச்சாரத்துக்கு உதவாது. குரங்கு என்றால் நோய், குரங்கு செத்தால் நல்லது என்ற எண்ணத்துக்குத்தான் அது எரு போடும்.

இன்னொன்றையும் அவர் கணக்கில் எடுக்கவில்லை. தொற்றிய குரங்கின் ரத்தத்தில் வைரஸ் பெருகுகிறது. அதைக் குடித்த கொசு அடுத்த குரங்குக்கும், மரம் வெட்டப் போன தொழிலாளிக்கும் நோயைக் கடத்துகிறது. ஊசி போட்ட குரங்கின் ரத்தத்தில் வைரஸ் அப்படிப் பெருக இடமில்லை. போதுமான குரங்குகள் பாதுகாக்கப்பட்ட காட்டில் நோய் சுற்றுவதே மெலியும். குரங்கைக் காப்பது மனிதனைக் கைவிடுவதாக அவர் சித்திரிக்கிறார். உண்மையில் இரண்டும் ஒரே பக்கம் நிற்கின்றன.

மனிதருக்கே தட்டுப்பாடாக இருக்கும் மருந்தைக் குரங்குக்குப் போடுவதா என்று கடைசியில் கேட்கிறார். 2018 ஜனவரியில் பிரேசில் தன் கையிருப்பை நீட்டிக்க, வழக்கமான மருந்தளவில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் சாவ் பாவ்லோ, ரியோ, பாயா மாநிலங்களில் போட்டது உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். உலகில் காட்டில் இருக்கும் அத்தனை டாமரின்களுக்கும் மனிதனின் முழு அளவையே கொடுத்தாலும் ஐந்தாயிரத்தைத் தாண்டாது. ஒரு பேருந்து நிலையத்தில் ஒரு வாரம் முகாம் போட்டால் அதைவிட அதிகம் செலவாகும். சாவ் பாவ்லோவின் குழந்தைகளிடமிருந்து டாமரின் எதையும் பறிக்கவில்லை. பறித்ததாக எழுதி ஏழைத் தாயின் கோபத்தைக் குரங்கின் மேல் ஏவுவது மனசாட்சி உள்ளவர் செய்யும் காரியம் அல்ல.

2023-இல் எண்ணியபோது டாமரின்கள் சுமார் 4,800 ஆகிவிட்டன, எனவே தடுப்பூசி வீண் என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். முந்நூறு ஊசிகளால் எண்ணிக்கை ஏறியது என்று அந்த விஞ்ஞானிகள் யாரும் சொல்லவில்லை. அந்த நோய் அலை அடங்கியதாலும், புதிய காடுகளில் குரங்குகள் குடியேறியதாலும் ஏறியிருக்கிறது. அந்த 4,800-ஐயும் பழைய இடத்துக்குத் தள்ள இன்னொரு அலை போதும். அலை வராது என்று அவர் எதை வைத்து நம்புகிறார்? தென்பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் 2008-இல் வந்தது, தென்கிழக்கில் 2016-இல் வந்தது. 2025-இல் சாவ் பாவ்லோ மாநிலத்திலும் கொலம்பியாவின் டோலிமாவிலும் மறுபடி மனிதர்களைக் கொன்றது. வெள்ளம் வடிந்த அன்று கரையை இடிக்கச் சொல்வது போன்ற யோசனை இது.

கட்டுரையாளர் விடாமல் கோருவது, பிரைமேட் மையத்தில் ஊளைக் குரங்குகளிடம் தொடங்கிய தடுப்பூசி ஆய்வை உடனே நிறுத்த வேண்டும் என்பது. 2021-இல் வெளியான முடிவுகளின்படி ஊசி அவற்றுக்குத் தீங்கு செய்யவில்லை, ஆன்டிபாடியும் உருவானது. மஞ்சள் காய்ச்சலில் மற்ற எந்தக் குரங்கையும்விட அதிகம் சாவது ஊளைக் குரங்குதான், பல இடங்களில் அதன் கூட்டங்கள் இன்னும் மீளவில்லை. காலியான காடுகளில் அவற்றைக் கொண்டுவந்து விட வேண்டும் என்றால், எதிர்ப்புச் சக்தியோடு விட வேண்டும். எந்த அளவில் ஊசி போடுவது, எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு நீடிக்கும், குட்டிகளுக்கு எப்போது போடுவது என்பதற்கெல்லாம் விடை அந்தக் கூண்டுகளிலிருந்துதான் வர வேண்டும், அடுத்த அலை வருவதற்குள் வர வேண்டும். அவர் கேட்கும் தடையை எந்த அதிகாரியும் போடக் கூடாது. போட்டால், அடுத்த முறை காட்டில் எண்ணப்போகும் ஒவ்வொரு குரங்குப் பிணத்துக்கும் அதைக் கேட்டு வாங்கியவரும் பொறுப்பு.